27 யார்டு: ஜென்டியை உட்கார வைத்தது சரியா? சாதனை, ஹைஸ்மன், பழைய கணக்கு

நீலத்திடல் (பாய்சி, ஐடஹோ):

இங்கே எல்லோரும் அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் பிளேஆஃப் (பட்டத்துக்கான இறுதிச் சுற்று) பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்கு மனதில் ஆறாமல் கிடக்கும் விஷயம் வேறு. 2024 சீசன் முடிந்தபோது எங்கள் பாய்சி ஸ்டேட்டின் ரன்னிங் பேக் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறவர்) ஆஷ்டன் ஜென்டி ஓடிச் சேர்த்திருந்தது 2,601 யார்டு. 1988-இல் ஒக்லஹோமா ஸ்டேட்டின் பாரி சாண்டர்ஸ் வைத்த ஒரே சீசன் சாதனை 2,628. பாக்கி 27 யார்டு. அந்த சீசனில் ஜென்டி ஒரு கேரிக்கு (பந்தோடு ஓடும் ஒவ்வொரு முறையும் ஒரு கேரி) சராசரியாக 7 யார்டு ஓடினார். இன்னும் நாலு முறை பந்தைக் கையில் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும்.

போர்ட்லாண்ட் ஸ்டேட் ஆட்டத்தில் 11 கேரி, 127 யார்டு. ஆட்டம் கைக்கு வந்ததும் வெளியே எடுத்துவிட்டார்கள். யூட்டா ஸ்டேட் ஆட்டத்தில் 13 கேரி, 186 யார்டு, 4 டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது), எல்லாமே முதல் பாதியில். இரண்டாம் பாதி முழுக்க சைடுலைனில் நின்று பார்த்தார். அன்று கேரிக்கு 14 யார்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த மனிதர்! ஒரே ஒரு டிரைவ் (அணி பந்தை வைத்துத் தொடர்ந்து முன்னேறும் ஒரு சுற்று) கூடுதலாக ஆட விட்டிருந்தால் இன்று சாதனைப் பட்டியலின் முதல் வரியில் பாய்சி ஸ்டேட் என்று இருந்திருக்கும்.

36 வருஷம் யாராலும் அசைக்க முடியாத எண் அது. பெரிய கல்லூரிகள் பணத்தைக் காட்டிக் கூப்பிட்டும் போகாமல் இங்கேயே இருந்தவர் ஜென்டி. பயிற்சியாளர் ஸ்பென்சர் டேனியல்சன் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு, அணியை பிளேஆஃப் வரை கொண்டுபோனவர். ஆனாலும் கேட்கிறேன்: ஜெயித்தாகிவிட்ட ஆட்டத்தில் ஒரு நட்சத்திர ஆட்டக்காரரைச் சாதனைக்காக இன்னும் கொஞ்ச நேரம் ஆட விடுவது தப்பா?


மேடிசன்_குளிர்:

தப்பு என்றுதான் நினைக்கிறேன். இதே கதை எங்கள் விஸ்கான்சினில் அதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே நடந்தது.

2014 நவம்பர் 15, கேம்ப் ராண்டல் ஸ்டேடியம், எதிரணி நெப்ராஸ்கா. நான் அன்று அங்கே இருந்தேன். பனி பெய்துகொண்டிருந்தது, கையுறைக்குள் விரல் மரத்துப்போய்விட்டது. எங்கள் மெல்வின் கோர்டன் பந்தை வாங்கும்போதெல்லாம் எங்கள் வரிசை மொத்தமும் எழுந்து நிற்கும். மூன்றாவது குவார்ட்டரின் கடைசி ஆட்டம், 26 யார்டு ஓடி டச்டவுன். அதோடு மொத்தம் 408 யார்டு. 1999-இல் டிசியூவின் (டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலை) லடேனியன் டாம்லின்சன் வைத்த ஒரே ஆட்டச் சாதனையான 406-ஐத் தாண்டியாயிற்று. 25 கேரிதான், கேரிக்கு 16 யார்டுக்கும் மேல். அப்புறம் நாலாவது குவார்ட்டரில் அவர் இறங்கவே இல்லை. நாங்கள் 59-24 என்று ஜெயித்தோம்.

சரி, அடுத்து என்ன ஆயிற்று? சரியாக ஒரு வாரம் கழித்து ஒக்லஹோமாவின் சமாஜே பெரைன் கான்சஸுக்கு எதிராக 427 யார்டு ஓடிவிட்டார். சீசன் முடிவில் கோர்டனுக்கு 2,587. சாண்டர்ஸுக்கு 41 யார்டு குறைவு. அந்த நாலாவது குவார்ட்டரில் மூன்று கேரி கொடுத்திருந்தால் இரண்டு சாதனையும் அவருடையது.

ஆனாலும் அன்று அவரை வெளியே எடுத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். 35 புள்ளி முன்னிலையில், வழுக்குகிற தரையில், தோற்றுப்போன கடுப்பில் இருக்கும் எதிரணி மேல் ஒரு பையனை எதற்கு ஏவ வேண்டும்? எங்கள் ஊரில் இன்றும் அந்த 408-ஐத்தான் பேசுகிறார்கள், சாதனை போய்விட்டது என்பதற்காக அதன் மதிப்பு குறையவில்லை.


ஆர்லாண்டோ_வெயில்:

நீலத்திடல் கேட்டதற்கு நேர் எதிரான உதாரணம் எங்களிடம் இருக்கிறது. யாரும் உட்கார வைக்காமல் ஓடிக்கொண்டே இருந்தவர், 2007-இல் யூசிஎஃப்பின் (சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலை) கெவின் ஸ்மித். 14 ஆட்டத்தில் 450 கேரி, ஆட்டத்துக்கு 32-க்கும் மேல். ஒரே சீசனில் இத்தனை கேரி வேறு யாருக்கும் இல்லை. மொத்தம் 2,567 யார்டு, 29 டச்டவுன். சீசன் முடிந்தபின் ஆடும் லிபர்ட்டி பவுல் ஆட்டத்தில் மிசிசிப்பி ஸ்டேட்டிடம் 10-3 என்று தோற்றோம், அவர் 61 யார்டு குறைவாக நின்றுபோனார்.

ஹைஸ்மன் (ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான விருது) ஓட்டில் எத்தனாவது இடம் தெரியுமா? 8. அந்த வருஷம் டிம் டீபோ வாங்கினார். அடுத்த ஏப்ரலில் டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது) மூன்றாவது சுற்று. எடுத்த அணி டெட்ராய்ட் லயன்ஸ், பாரி சாண்டர்ஸ் தன் என்எஃப்எல் (தொழில்முறை லீக்) வாழ்க்கை முழுக்க ஆடிய அதே அணி.

ஆக ஓட விட்டாலும் கிடைக்கவில்லை. 450 முறை ஒரு உடம்பு அடி வாங்கியிருக்கிறது, அதை மறந்துவிட வேண்டாம்.


முதல்_டவுன் (டாலஸ்):

மூன்று பேரும் 2,628-ஐ ஒரே கோடு மாதிரி வைத்துப் பேசுகிறீர்கள். அந்த எண்ணை முதலில் பிரித்துப் பார்ப்போம்.

சாண்டர்ஸ் அதை 11 ஆட்டத்தில் எடுத்தார், 344 கேரி. ஆட்டத்துக்கு 238.9 யார்டு. ஓடி எடுத்த டச்டவுன் 37. அந்த ஒரே சீசனில் நாலு ஆட்டம் 300 யார்டுக்கு மேல். கடைசி ஆட்டம் டோக்கியோவில், டெக்சஸ் டெக்குக்கு எதிராக. ஹைஸ்மன் அவருக்குத்தான் என்ற செய்தி அங்கே இருக்கும்போதுதான் வந்தது, அதே நாளில் 332 யார்டு ஓடினார். அதற்கு முந்தைய இரண்டு சீசனும் தர்மன் தாமஸுக்குப் பின்னால் மாற்று ஆட்டக்காரராக இருந்தவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். அந்த வருஷம் ஹாலிடே பவுலில் வயோமிங்குக்கு எதிராக 222 யார்டு, 5 டச்டவுன் எடுத்தார். அது 2,628-இல் சேரவில்லை. 2002-க்கு முன்னால் பவுல் ஆட்டங்களின் எண்களை என்சிஏஏ (கல்லூரி விளையாட்டு அமைப்பு) சீசன் கணக்கில் சேர்த்ததே கிடையாது. 2002-இல் சேர்க்க ஆரம்பித்தார்கள், ஆனால் பழையவற்றைத் திருத்தவில்லை. சேர்த்தால் சாண்டர்ஸ் 12 ஆட்டத்தில் 2,850.

ஜென்டி 11 ஆட்டம் முடிந்தபோது 2,062. 12 முடிந்தபோது 2,288. 13-இல் 2,497. பென் ஸ்டேட்டுக்கு எதிரான ஃபியஸ்டா பவுல்தான் பதினான்காவது. கோர்டனுக்கும் 14, ஸ்மித்துக்கும் 14. ஆக, மூன்று ஆட்டம் அதிகமாக ஆடியும் எட்ட முடியாத எண் அது. நீலத்திடல் கேட்கிற அந்த ஒரு டிரைவ் கிடைத்து 2,629 வந்திருந்தாலும் அடுத்த நாளே எல்லோரும் 2,850-ஐ எடுத்து நீட்டியிருப்பார்கள்.


கோடம்பாக்கம்_இரவு:

அண்ணே, சென்னையிலிருந்து பார்க்கிறவன் நான், சனிக்கிழமை ராத்திரி ஆட்டமெல்லாம் எங்களுக்கு ஞாயிறு விடியற்காலை. இரண்டு சந்தேகம். ஒன்று, பவுல் ஆட்டத்தை ஏன் அப்போது சேர்க்கவில்லை? இரண்டு, இது 2004-இல் முல்தானில் சச்சின் 194-இல் நிற்கும்போது டிராவிட் டிக்ளேர் செய்த மாதிரியா?


முதல்_டவுன்:

முதல் கேள்விக்கு: பவுல் என்பது சீசன் முடிந்தபின் அழைப்பின் பேரில் ஆடும் ஆட்டம். கண்காட்சி ஆட்டம் போலத்தான் நடத்தினார்கள். எல்லா அணிக்கும் அது கிடைக்காது, அதனால் அதைச் சேர்த்தால் மற்றவர்களுக்கு அநியாயம் என்ற நினைப்பும் இருந்தது. அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. இன்று சேர்ப்பதும் எனக்குப் புரிகிறது. இரண்டு விதமாக எண்ணியதை ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக வைப்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.


நீலத்திடல்:

தம்பி, முல்தானுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அங்கே பாகிஸ்தானை இரண்டு முறை அவுட் ஆக்க நேரம் வேண்டும் என்று ஒரு காரணமாவது சொன்னார்கள். யூட்டா ஸ்டேட் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் அப்படி எதற்கும் அவசரம் இல்லை. அதுவும் போக, சச்சினிடம் அதற்கு முன்பே இரட்டைச் சதங்கள் இருந்தன. ஜென்டிக்கு இது ஒரே வாய்ப்பு. கல்லூரி ஆட்டக்காரருக்கு இரண்டாவது முறை என்பது பெரும்பாலும் கிடையாது, அதுதான் எனக்கு இதில் மிகவும் வலிக்கிற இடம்.

முதல்_டவுன் சொன்ன 2,850-க்கு என்னிடம் மறுப்பு இல்லை. சாண்டர்ஸ்தான் பெரியவர் என்பதிலும் சந்தேகம் இல்லை. ஆனால் புத்தகத்தில் அச்சாகியிருப்பது 2,628. அதைத்தான் எட்டச் சொல்லி எங்கள் பையன் முன்னால் வைத்தார்கள்.

ஃபியஸ்டா பவுலையும் சொல்லிவிடுகிறேன். தாண்டுவதற்கு 132 யார்டு வேண்டும். அந்த சீசனில் ஆடிய 13 ஆட்டத்தில் 11-இல் அதற்கு மேல் ஓடியிருந்தார், மற்ற இரண்டிலும் 127-உம் 128-உம். முதல் குவார்ட்டரிலேயே 14-0 என்று பின்தங்கிவிட்டோம். பந்து போகாத ஆட்டத்தில்கூட அவர் வழக்கம்போலக் கைகளைத் தொங்கவிட்டு, குனியாமல், நேராக நிற்பார், அவர் நிற்பதைப் பார்த்தே பென் ஸ்டேட் லைன்பேக்கர்கள் (தடுப்பாட்டக்காரர்கள்) பக்கம் மாறி நிற்பார்கள். பந்து வந்ததும் முதல் ஆள் தோளில் மோதுவார், இவர் விழ மாட்டார், உடனே இன்னும் இரண்டு பேர் மேலே விழுந்து அமுக்குவார்கள். 30 கேரி, 104 யார்டு, இரண்டு முறை பந்தை நழுவவிட்டார். 31-14 தோல்வி. அந்த சீசனில் அவருடைய மிகக் குறைந்த யார்டு அதுதான். 

அன்று ராத்திரி எனக்குத் தோன்றியது இதுதான்: உலகத் தரமான ஒரு டிஃபென்ஸிடம் இவ்வளவு பாடுபட்டு எடுக்க வேண்டிய யார்டை, அக்டோபரில் எளிதாகக் கிடைக்கும்போது எடுக்கவிடாமல் செய்துவிட்டோமே.


கருஞ்சிவப்பு (டஸ்கலூசா, அலபாமா):

எளிதாகக் கிடைக்கும்போது என்று சொன்னதால் எழுதுகிறேன்.

2019 நவம்பர் 16. மிசிசிப்பி ஸ்டேட்டை 35-7 என்று அடித்துக்கொண்டிருந்தோம். முதல் பாதி முடிய மூன்று நிமிஷம் பாக்கி. எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிகிறவர்) டூவா டங்கவைலோவாவுக்கு அதுதான் அன்றைய கடைசி டிரைவாக இருந்திருக்க வேண்டும், பயிற்சியாளர் நிக் சேபனே பிறகு அப்படிச் சொன்னார். இரண்டு பேர் துரத்திப் பிடித்து விழுத்தாட்டினார்கள். இடுப்பு மூட்டு விலகி எலும்பு உடைந்தது. முகத்தில் ரத்தத்தோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த சீசன் தொடங்கும்போது ஹைஸ்மன் பேச்சில் முன்வரிசையில் இருந்தவர்.

அடுத்த ஏப்ரலில் ஐந்தாவது ஆளாக டிராஃப்டில் போனார், அது அவருடைய அதிர்ஷ்டம். அன்று அந்தத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்த எங்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: 35-7-இல் இவர் ஏன் திடலில் இருந்தார்? ஒரு டிரைவ்தானே என்று நீங்கள் கேட்கும்போது எனக்கு அந்த வண்டிதான் ஞாபகம் வருகிறது.


நீலத்திடல்:

இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் ஒன்று சொல்லலாம். அடிபடுவது 0-0-இலும் நடக்கும். ஜென்டி 374 கேரி எடுத்தார். 378 என்பது அந்த ஆபத்தை எவ்வளவு கூட்டியிருக்கும்?


கருஞ்சிவப்பு:

கொஞ்சம்தான் கூட்டும். அந்தக் கொஞ்சத்தை எதற்காகக் கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி. 0-0-இல் வெற்றிக்காகக் கொடுக்கிறோம்.


கொலம்பஸ்_அக்கா:

நான் கொஞ்சம் வேறு பக்கம் இழுக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஓடுகிறவரின் யார்டையே எண்ணிக்கொண்டிருக்கிறோம். முன்னால் நின்று எதிரணியைத் தள்ளி அந்த யார்டைத் திறந்துவிடுகிற ஆஃபென்ஸிவ் லைன் ஐந்து பேருக்கு எந்தப் புத்தகத்திலும் எண் கிடையாது. அந்த வரிசையில் நிற்கும் ஒரு கார்டு அல்லது டாக்கிள் எந்தச் சாதனையைத் துரத்த முடியும்? எங்கள் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ் 1973 ஹைஸ்மன் ஓட்டில் இரண்டாவதாக வந்தார், ஆர்லாண்டோ பேஸ் 1996-இல் நாலாவது. பேஸ் எதிரே நிற்பவரை மல்லாக்கக் கிடத்துவதைத் தனியாக எண்ணி ஊருக்கெல்லாம் சொன்னார்கள், அவருக்கென்று ஒரு எண் வேண்டியிருந்தது. லைன் ஆட்டக்காரர்களுக்கான அவுட்லேண்ட் டிராபி 1946-இலிருந்து இருக்கிறது, ஆனால் ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒருவருக்குப் பெயர் தெரிந்தாலே அதிகம்.

2015-இல் ஜோ மூர் விருது என்று ஒன்று தொடங்கினார்கள். தனி ஆளுக்கு இல்லை, ஆஃபென்ஸிவ் லைன் மொத்தத்துக்கும். முதல் வருஷம் வாங்கியது அலபாமா. அதே வருஷம் அந்த லைனுக்குப் பின்னால் ஓடித்தான் டெரிக் ஹென்றி ஹைஸ்மன் வாங்கினார், 395 கேரி, 2,219 யார்டு. ஆபர்னுக்கு எதிராக ஒரே நாளில் 46 கேரி, அடுத்த வாரம் ஃபுளோரிடாவுக்கு எதிராக 44. இந்த இரண்டு விருதையும் சேர்த்துச் சொல்கிறவர்களை நான் பார்த்ததே இல்லை.

ஒருவரைச் சாதனைக்காகக் கூடுதலாக ஆட விட்டால், அந்த ஐந்து பேரும் கூடவே ஆட வேண்டும். அவர்களுடைய முழங்காலைப் பற்றி இந்த இழையில் ஒருவரும் கேட்கவில்லை.


மேடிசன்_குளிர்:

அக்கா, இது எனக்குத் தோன்றவே இல்லை. மாற்று லைனை இறக்கிவிட்டு முதல் வரிசை ரன்னிங் பேக்கை மட்டும் வைத்துக்கொண்டால் இன்னும் ஆபத்து. இரண்டையும் சேர்த்துத்தான் எடுப்பார்கள்.


நீலத்திடல்:

அக்கா சொல்வது ரொம்ப நியாயம். ஒரு சேர்க்கை மட்டும்: ஜென்டியின் யார்டில் பெரும்பங்கு முதல் அடி விழுந்த பிறகு எடுத்தது. லைன் திறந்துவிட்ட இடம் முடிந்த பிறகு அவரே உண்டாக்கிக்கொண்டது.


ஆர்லாண்டோ_வெயில்:

ஹைஸ்மன் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் கேட்கிறேன். 2024-இல் ஜென்டிக்குக் கொடுத்திருக்க வேண்டுமா, டிராவிஸ் ஹன்டருக்குக் கொடுத்தது சரிதானா?


முதல்_டவுன்:

ஹன்டருக்குத்தான். என் மனதில் இதில் தயக்கமே இல்லை.

ஹன்டர் கொலராடோவுக்கு ரிசீவராகவும் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) ஆடினார், கார்னர்பேக்காகவும் (எதிரணி ரிசீவரைத் தடுப்பவர்) ஆடினார். எப்போதாவது ஒரு டிரைவுக்கு இல்லை, ஆட்டத்துக்கு ஆட்டம், இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட முழு நேரம். சீசன் முடிவில் 96 கேட்ச், 1,258 யார்டு, 15 டச்டவுன், அதோடு 4 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது). சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருதும் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கான பெட்நாரிக் விருதும் ஒரே ஆளுக்கு. மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் நேரத்தில் இவர் எதிரணியின் சிறந்த ரிசீவர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார். இதற்கு ஒப்பிடச் சாதனைப் புத்தகத்தில் பக்கமே இல்லை.

ஓட்டு 2,231-க்கு 2,017 புள்ளி. முதலிட ஓட்டு ஹன்டருக்கு 552, ஜென்டிக்கு 309. ஜென்டி மேக்ஸ்வெல் விருதும் டோக் வாக்கர் விருதும் வாங்கினார், வெறுங்கையோடு போகவில்லை.


நீலத்திடல்:

நான் ஜென்டி பக்கம். ஆனால் என் காரணம் யார்டு இல்லை. ஓட்டு நேரத்தில் கொலராடோ 9 வெற்றி 3 தோல்வி, நாங்கள் ஓரெகனிடம் ஒரே ஒரு ஆட்டம் 37-34 என்று தோற்று, மாநாட்டுப் (ஒன்றோடொன்று ஆடும் அணிகளின் குழு) பட்டம் வாங்கி, பிளேஆஃபில் மூன்றாம் தரவரிசை. எதிரணிக்கு அவர்தான் ஓடப்போகிறார் என்று தெரியும், தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. அவர் இல்லாத பாய்சி எங்கே இருந்திருக்கும்?

ஓட்டுப் போடுகிறவர்கள் 870 பத்திரிகையாளர்கள், ஆறு மண்டலத்துக்கும் தலா 145. அவர்களோடு முன்னாள் வெற்றியாளர்கள், ரசிகர்களுக்கென்று ஒரே ஓட்டு. இதில் எத்தனை பேர் எங்கள் மவுண்டன் வெஸ்ட் மாநாட்டு ஆட்டங்களை ராத்திரி கண்விழித்துப் பார்த்திருப்பார்கள்? எங்கள் ஆட்டம் பல முடியும்போது கிழக்குக் கரையில் நள்ளிரவு தாண்டிவிடும்.


கோடம்பாக்கம்_இரவு:

எங்களுக்கு அது காலை டிபன் நேரம், நான் பார்த்தேன். நானும் ஜென்டிதான்.


கருஞ்சிவப்பு:

சிறிய மாநாட்டில் ஆடுகிறவர்களுக்கு இது புதிது இல்லை. 2021-இல் வெஸ்டர்ன் கென்டக்கியின் பெய்லி ஸாப்பி 5,967 யார்டு, 62 டச்டவுன் எறிந்தார். இரண்டுமே ஒரே சீசனுக்கான சாதனை. அதில் டச்டவுன் கணக்கில் அவர் தாண்டியது 2019-இல் எல்எஸ்யூவின் (லூசியானா ஸ்டேட் பல்கலை) ஜோ பர்ரோ வைத்த 60-ஐ. பர்ரோவுக்கு ஹைஸ்மன் வரலாற்றிலேயே பெரிய வித்தியாசத்தில் வெற்றி. ஸாப்பி ஹைஸ்மன் கொடுக்கும் நியூயார்க் மேடைக்கே கூப்பிடப்படவில்லை. பர்ரோ 15 ஆட்டம், ஸாப்பி 14.

ஆனால் பர்ரோவின் எதிரணிகளைப் பார்க்க வேண்டும். ஹைஸ்மன் கொடுக்கும்போது அவர் கணக்கு 48. மீதி 12-இல் 7 ஒக்லஹோமாவுக்கு எதிராக அரையிறுதியில், அதுவும் ஒரே பாதியில். 5 கிளெம்சனுக்கு எதிராக இறுதியில். எங்களையும் எங்கள் ஊரிலேயே வந்து அடித்துவிட்டுத்தான் போனார். ஸாப்பியின் எண்ணை நான் மதிக்கிறேன், இருந்தாலும் இரண்டில் எதைத் திரும்பப் போட்டுப் பார்ப்பீர்கள் என்றால் பர்ரோவைத்தான்.


கொலம்பஸ்_அக்கா:

ஓட்டு முடிவது மாநாட்டு இறுதி ஆட்டங்களோடு. பிளேஆஃப் ஹைஸ்மனில் எண்ணப்படுவதில்லை, சாதனைக் கணக்கில் எண்ணப்படுகிறது. விருது ஒரு தேதியில் நிற்கிறது, சாதனை இன்னொரு தேதியில் நிற்கிறது. 2024-இல் எங்கள் அணி 16 ஆட்டம் ஆடிக் கோப்பை வாங்கியது. கடைசி நாலு ஆட்டமும் ஹைஸ்மன்காரர்கள் கண்ணில் இல்லாதவை.


மேடிசன்_குளிர்:

பவுல் கணக்கு என்று எடுத்துவிட்டதால் எங்கள் ஊர் வழக்கையும் வைக்கிறேன். சாண்டர்ஸுக்காகப் பேசுகிறவர்கள் ரான் டேனுக்காக ஏன் பேசுவதில்லை?

டேன் 1996-இலிருந்து 1999 வரை விஸ்கான்சினுக்கு ஆடினார், 1999 ஹைஸ்மன். அதிகாரப்பூர்வக் கணக்கு 6,397 யார்டு, நாலு வருஷத்துக்கும் சேர்த்து. 1998-இல்தான் டெக்சஸின் ரிக்கி வில்லியம்ஸ், டோனி டார்செட்டின் 22 வருஷ மொத்த யார்டுச் சாதனையை டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கு எதிராக 60 யார்டு ஓடி முறியடித்திருந்தார். டார்செட்டே ஸ்டேடியத்துக்கு வந்து பார்த்தார். அடுத்த வருஷமே டேன் அதைத் தாண்டினார்.

2016-இல் சான் டியாகோ ஸ்டேட்டின் டானல் பம்ஃப்ரி லாஸ் வேகஸ் பவுலில் ஹூஸ்டனுக்கு எதிராக ஓடி 6,405-க்கு வந்தார். எட்டு யார்டு அதிகம். சாதனை அவர் பெயருக்குப் போனது. அவர் ஆடிய பவுல் ஆட்டங்கள் எல்லாம் கணக்கில் உண்டு. டேனுடைய நாலு பவுலும் கிடையாது. 246, 36, 246, 200, கூட்டினால் 728. அதில் இரண்டு ரோஸ் பவுல், இரண்டிலும் ஆட்ட நாயகன். சேர்த்தால் 7,125.

பம்ஃப்ரி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவ்வளவு சின்ன உடம்பை வைத்துக்கொண்டு நாலு வருஷம் அவர் ஓடியது பெரிய விஷயம். ஆனால் ரோஸ் பவுலில் எடுத்த 246 யார்டு எண்ணப்படாது, லாஸ் வேகஸில் எடுத்தது எண்ணப்படும் என்றால் அந்தப் பட்டியலை என் மகனுக்கு நான் எப்படி விளக்குவது?


முதல்_டவுன்:

இங்கே நான் மேடிசனோடு முழுக்க ஒத்துப்போகிறேன். பழைய பவுல் ஆட்டங்களின் புள்ளிவிவரம் ஒன்றும் தொலைந்துபோகவில்லை. பல கல்லூரிகள் தங்கள் சொந்தப் புத்தகத்தில் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகின்றன. என்சிஏஏவும் அதையே செய்யட்டும். சாண்டர்ஸ் 2,850, ஜென்டி 2,601, கோர்டன் 2,587, ஸ்மித் 2,567. இப்படிப் போட்டிருந்தால் 2024 நவம்பரில் ஜென்டியை எல்லா நேரமும் ஆட விடச் சொல்லி யாரும் கூச்சல் போட்டிருக்க மாட்டோம். எட்ட முடியாத தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்திருக்கும். யூட்டா ஸ்டேட் ஆட்டத்தில் டேனியல்சன் எடுத்த முடிவும் இன்று கேள்விக்கு வந்திருக்காது.


நீலத்திடல்:

எட்ட முடியாத தூரம் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஜென்டியின் சராசரி ஆட்டத்துக்கு 185.8. இப்போது பிளேஆஃப் 12 அணி. ஃபியஸ்டா பவுலில் ஜெயித்திருந்தால் ஜனவரி 9-ஆம் தேதி மயாமியில் நோட்டர் டேமுக்கு எதிராக அரையிறுதி. அதிலும் ஜெயித்திருந்தால் பதினாறாவது ஆட்டம். 16 ஆட்டத்துக்கு 2,850 என்றால் ஆட்டத்துக்கு 179 போதும்.

பழைய எண்களைச் சேர்க்க வேண்டும் என்பதில் நானும் உங்களோடு இருக்கிறேன். சேர்த்தால் ஆட்டத்துக்கான சராசரியையும் அதே வரியில் போட வேண்டும், இல்லையென்றால் 16 ஆட்டம் ஆடுகிற பையன் ஒருவன் சாண்டர்ஸைத் தாண்டும்போது சாண்டர்ஸுக்கு அநியாயம் ஆகிவிடும். டிரைவ் விஷயத்தில் மட்டும் என் மனம் மாறவில்லை. டூவாவுக்கு நடந்ததைப் படித்த பிறகும் மாறவில்லை. ஆட்டக்காரரிடமே கேட்டிருக்கலாம், அவர் வேண்டாம் என்றிருந்தால் நான் இந்த இழையைத் தொடங்கியிருக்கவே மாட்டேன்.


கருஞ்சிவப்பு:

எந்த ஆட்டக்காரர் வேண்டாம் என்பார்? இருபது, இருபத்தொரு வயது. அதனால்தான் அந்த முடிவைப் பயிற்சியாளர் கையில் கொடுத்திருக்கிறார்கள்.


கோடம்பாக்கம்_இரவு:

அண்ணே, சாண்டர்ஸின் 1988 ஆட்டங்களில் எதை முதலில் பார்க்கட்டும்?


முதல்_டவுன்:

ஹாலிடே பவுல். கணக்கில் இல்லாததிலிருந்தே தொடங்குங்கள். மூன்று குவார்ட்டருக்குமேல் பார்க்க ஒன்றும் இருக்காது, ஆட்டம் அதற்குள் முடிந்துவிடும். அப்புறம் டோக்கியோ. அது 45-42, கடைசி வரை இழுபறி. அதில் யார்டு ஒவ்வொன்றும் தேவைப்பட்டது.


மேடிசன்_குளிர்:

பழைய பவுல் கணக்குக்கு என்று தனி இழை தொடங்கியிருக்கிறேன். முதலில் டேன், அப்புறம் டார்செட், சார்லஸ் வைட், ஹெர்ஷல் வாக்கர். அந்தக் காலத்துக் கல்லூரிக் கையேடு வைத்திருப்பவர்கள் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். ஆட்டத்துக்கான சராசரியை நீலத்திடல் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.